முதுகுப் பக்கத்துக் கதிர்

கும்லா, ஜார்க்கண்ட்
12 ஜூன் 2024

சிறுமுகையில் இருக்கும் அக்காவுக்கு,

வடக்கிலிருந்து தம்பி எழுதுகிறேன். நான் சுகம். நீயும் மாமாவும் பூஜிதாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன்.

உறை மேல் என் பெயரைப் பார்த்ததும் திருப்பி அனுப்பாமல் பிரித்தாயே, அதற்கு முதலில் நன்றி. ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். அப்பா போன அன்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. உன்னைச் சொல்ல வைத்தவன் நான் என்பதையும் மறக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போது ஒரு வேலையாக வந்திருக்கிறேன்.

வரும் ஜனவரியோடு நான் குருப்பட்டம் வாங்கி இருபத்தைந்து வருடம் ஆகிறது. பூசைக்கு மேலே போடும் உடுப்பு ஒன்று, வெள்ளைப் பட்டில், உன் தறியில் நெய்ததாக வேண்டும் என்று ஆசை. கடையில் கிடைப்பதெல்லாம் பாலியஸ்டர். மினுக்குமே தவிர உடம்பில் ஒட்டாது. முன்பக்கம் நடுவில் ஒரு சிலுவை, அதன் இரண்டு பக்கமும் கோதுமைக் கதிர்கள், எல்லாம் ஜரிகையில். பின்பக்கம் ஒன்றும் வேண்டாம். வெறும் வெள்ளையாக விட்டுவிடு. உனக்கும் வேலை குறையும்.

போன் செய்ய வேண்டாம். இந்த மலையில் டவர் கிடைப்பதில்லை. கடிதம் போதும். நவம்பருக்குள் கைக்கு வந்தால் நல்லது.

மாமாவுக்கு வணக்கம். பூஜிதாவுக்கு என் ஆசி.

தம்பி
இன்னாசி


சிறுமுகை
30 ஜூன் 2024

தம்பி நரசிம்மலுவுக்கு,

அக்கா எழுதுவது. என் முட்டி வலியைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டாய். சாமியார் ஆனதும் அதிலும் சிக்கனமா?

உறை மேல் உன் பாதிரிப் பெயரை இங்கிலீஷில் எழுதியது பூஜிதா. உள்ளே நான் அந்தப் பெயரில் கூப்பிட மாட்டேன். இன்னாசியை எனக்குத் தெரியாது. மூன்று வயதில் தறிக்குழியில் விழுந்து நெற்றியில் தழும்பு வாங்கிய நரசிம்மலுவைத்தான் தெரியும்.

பிரித்ததற்கு நன்றியெல்லாம் வேண்டாம். உன் கடிதம் இரண்டு நாள் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. மூன்றாம் நாள் உன் மாமாதான், "பிரிச்சுப் பாத்துப்போடு. கடுதாசி என்ன கடிச்சுப்போடுமா?" என்றார்.

பெற்ற மகன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்க, பங்காளி வீட்டுப் பையன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தான். ஊரே பார்த்தது. அந்த ஆத்திரத்தில்தான் இனி என் வாசப்படியை மிதிக்காதே என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். இப்போதும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் துணி நெய்து தருவதற்கு நீ வாசப்படியை மிதிக்க வேண்டியதில்லை. நெய்து தருகிறேன்.

பின்பக்கம் வெறுமையாக வேண்டுமாம். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது? உனக்குப் பட்டம் கொடுத்த அன்று நானும் அப்பாவும் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீ தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தாய். எதற்கு இப்படிக் கிடக்கிறான் என்று அப்பா என் காதில் கேட்டார். அன்று நாங்கள் பார்த்ததே உன் முதுகைத்தான்.

இன்னொரு சேதி. பூஜிதாவுக்குக் கல்யாணம். வரும் தை இருபது, ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை பெயர் வம்சி, கோயமுத்தூரில் பம்பு கம்பெனியில் இன்ஜினியர். அவளுடைய முகூர்த்தச் சேலையும் வெள்ளைப் பட்டுதான், சிவப்புக் கரை போட்டது. தறியில் ஏற்றுகிற ஒரே பாவு நூலில் உன் துணியையும் அவள் சேலையையும் நெய்துவிடலாம் என்றிருக்கிறேன். கரை உனக்கு வெட்டும்போது போய்விடும்.

நம்மில் பெண்ணைக் கூடையில் உட்கார வைத்துத் தாய்மாமன்தான் மணமேடைக்குத் தூக்கி வர வேண்டும். அது உனக்கு மறந்திருக்காது. பூஜிதாவுக்கு இருப்பது ஒரே மாமன். அவள் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நான் கேட்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா
பங்காரம்மா


கும்லா
25 ஜூலை 2024

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். உன் முட்டிக்கு என்ன மருந்து போடுகிறாய்? தறியில் கால் மிதிக்கிற வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்று சொன்னால் கேட்கவா போகிறாய்.

பூஜிதா கல்யாணச் சேதியைப் படித்து அன்று முழுக்க எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. என் மடியில் உட்கார்ந்து என் மூக்குக்கண்ணாடியை உடைத்த குழந்தைக்கா கல்யாணம்? வம்சி நல்ல பையன்தானே? நீ பார்த்துத்தானே முடித்திருப்பாய்.

தை மாதக் கடைசியில் இங்கே வேலைகள் எப்படி இருக்குமோ தெரியவில்லை, பார்க்கலாம். எதற்கும் கூடையைத் தூக்க வலுவான ஆள் ஒருவரை மாமா பார்த்து வைப்பது நல்லது.

உன் தறியில் நாற்பத்தெட்டு இஞ்சுதான் வரும் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது போதும். எனக்கு வேண்டியது பழைய காலத்துக் குறுகலான மாதிரி, தோளிலிருந்து முன்னும் பின்னும் நேராகத் தொங்குவது. காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தம்பிதுரை என்று ஒரு டெய்லர் இருக்கிறார். நம் பக்கத்துக் குருமார்களுக்கு அவர்தான் தைப்பார். அளவுச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், அவரிடம் கொடு. கோதுமைக் கதிர் படமும் ஒன்று வரைந்திருக்கிறேன். எனக்குப் படம் வராது என்பது உனக்குத் தெரியும்.

எல்லோருக்கும் என் அன்பு.

தம்பி
இன்னாசி


சிறுமுகை
22 ஆகஸ்ட் 2024

தம்பி நரசிம்மலுவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ உன் சௌக்கியத்தைப் பற்றி இந்தத் தடவையும் இரண்டே வார்த்தை.

ஆடியில் புது வேலை தொடங்கக் கூடாது என்று காத்திருந்தேன். ஆவணி பிறந்ததும் பாவு பிணைத்தாயிற்று. தலைப்பில் மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் தொடங்கினேன். உங்கள் கோயிலில் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்வார்களோ என்னவோ. பயப்படாதே, அது வெட்டுத் துண்டில் போய்விடும்.

வலுவான ஆள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பங்காளி வீட்டில் நவநீத் என்று ஒருவன் ஜிம்முக்குப் போய்க் கைகளை இவ்வளவு பெரிதாக வளர்த்து வைத்திருக்கிறான். நான் மூட்டை தூக்கவா ஆள் தேடுகிறேன்? மாமனைத் தேடுகிறேன். வருகிறாயா இல்லையா என்று அடுத்த கடிதத்தில் நேராக எழுது.

உன் படத்தைப் பார்த்துவிட்டு டிசைன் அட்டை அடிக்கிறவர் இது கதிரா, கம்பளிப் பூச்சியா என்று கேட்டார். எங்களில் யாரும் கோதுமை விளைந்து பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த மாதிரி திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

பூஜிதா ஒரு சந்தேகம் கேட்டாள். கும்லா என்று எழுதுகிறாய், உறை மேல் ராஞ்சி முத்திரை குத்தியிருக்கிறது. ராஞ்சி பெரிய ஊர், அங்கே டவர் இருக்குமே என்கிறாள். எனக்கு உன்னோடு போனில் பேச ஆசை ஒன்றும் இல்லை. பேசினால் சண்டைதான் வரும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ராஞ்சி
28 செப்டம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சபை வேலையாகக் கொஞ்ச நாளாய் ராஞ்சியில் இருக்கிறேன். இனி இந்த விலாசத்துக்கே எழுது. கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று கேட்காதே, பேனா சரியில்லை.

அப்பா விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன் என்று சொன்னேன். எழுதிவிடுகிறேன்.

நான் கொள்ளி வைத்திருக்கலாம் அக்கா. எங்கள் பிஷப் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பெற்ற தகப்பனுக்கு மகன் செய்வதைக் கடவுள் குற்றமாக எழுதிக்கொள்ளவும் மாட்டார். அன்றே எனக்கு அது தெரியும். ஆனால் பங்காளிகள் எல்லோரும் பாதிரி என்ன செய்கிறான் பார் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் வளைந்து கொடுக்கக் கூடாது என்று ஒரு வீம்பு. வேறொன்றும் இல்லை. நான் சேர்ந்த வேதத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் விறைத்து நின்றேன். அதை நீ தவறாகப் புரிந்துகொள்ளவில்லை, சரியாகத்தான் புரிந்துகொண்டாய். நீ சொன்னது எனக்குத் தகும்.

இதை ஒன்பது வருடம் எழுதாமல் இருந்ததும் அந்த வீம்புதான்.

கல்யாணத்துக்கு வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை. துணி எந்த மட்டில் இருக்கிறது?

தம்பி
இன்னாசி


சிறுமுகை
21 அக்டோபர் 2024

தம்பி நரசிம்மலுவுக்கு,

இங்கே சௌக்கியம். மழை பிடித்துக்கொண்டது, பட்டு இழை நமத்துப்போகிறது. மற்றபடி குறை இல்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தறியில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு உன் துணியில் முன்பக்கம் முடிகிற இடத்தில் இருந்தேன். நீ வெறுமையாக விடச் சொன்ன பின்பக்கம் தொடங்க வேண்டும். எனக்கு வேலை குறையட்டும் என்று நினைக்கிறான், ஒன்பது வருடத்து வீம்பை ஒரே பக்கத்தில் எழுதியவனுக்கு நான் பாதித் துணியை வெறுமையாகவா கொடுப்பேன் என்று தோன்றியது. முன்பக்கத்துக்குப் போட்ட சிலுவையையும் கதிரையும் அப்படியே பின்பக்கத்துக்கும் நெய்தேன். அழுதுகொண்டேதான் நெய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

அதில்தான் வந்தது வினை. துணியைக் காந்திபுரத்துக்குக் கொண்டு போனேன். தம்பிதுரை நல்ல மனுஷர். மேஜை மேல் விரித்து, தோள் வருகிற இடத்தில் மடித்தார். முன்பக்கம் கதிர் நிமிர்ந்து நிற்கிறது. பின்பக்கம் சிலுவையும் கதிரும் தலைகீழாகத் தொங்குகின்றன. இருபது வயதிலிருந்து சேலை நெய்கிறேன், சேலையைத் தோளில் மடித்து முன்னும் பின்னும் பார்க்கிற வழக்கம் ஏது? பாதித் துணியில் டிசைன் அட்டையைத் திருப்பிக் கோத்திருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் சிலுவையைத் தலைகீழாக நெய்துவிட்டேன் என்று அந்த மனுஷர் முன்னால் கூனிக் குறுகிப் போனேன்.

இருபது நாள் பொறு. வேறு நெய்து தருகிறேன்.

இன்னொன்று. உன் அளவுச் சீட்டைப் பார்த்துவிட்டு, "மீசை மொளைக்காத பையனுக்குங்களா?" என்று கேட்டார். மார்பு முப்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறாய். நாற்பது சட்டை போட்டவன் நீ. வடநாட்டில் சோறு போடுவதில்லையா, இல்லை உனக்கு இஞ்சு டேப் பிடிக்கத் தெரியவில்லையா?

அக்கா


ராஞ்சி
4 நவம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம்.

வேறு நெய்ய வேண்டாம். தம்பிதுரையை அப்படியே தைக்கச் சொல். இயேசுவின் சீடர் எங்கள் இராயப்பரைச் சிலுவையில் தலைகீழாகத்தான் அறைந்தார்கள். அவருக்கு ஆகாத அவமானம் எனக்கு என்ன? கடிதத்தோடு நீ வைத்திருந்த துணியின் போட்டோவைப் பார்த்தேன். அது கோதுமைக் கதிர் இல்லை அக்கா, அசல் நம் ஊர்ச் சோளக்கதிர். பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். அப்படியே இருக்கட்டும். நான் கோதுமை தின்று வளரவில்லை.

பின்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. அதற்காக இருபது நாள் காத்திருக்க முடியாது. தைத்ததும் உடனே அனுப்பு.

தம்பி
இன்னாசி


சிறுமுகை
18 நவம்பர் 2024

நரசிம்மலு,

தைக்கச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். பின்பக்கம் எப்படி இருந்தாலும் பரவாயில்லையாம், யாரும் பார்க்கப் போவதில்லையாம், காத்திருக்க முடியாதாம் என்று நீ எழுதியதைச் சொன்னேன். தம்பிதுரை கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அளவுச் சீட்டை எடுத்து மறுபடியும் பார்த்தார். சாமியாருக்கு உடம்புக்கு முடியலைங்களா என்று கேட்டார். சுகமாக இருக்கிறேன் என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறான் என்றேன்.

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"ஏனுங்கம்மா, பூசை வெக்கறவரு நடப்பாரு, திரும்புவாரு, குனிவாரு. முதுகு தெரியாத உடுப்பு எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க. பொட்டியில படுக்க வெச்சுப் போடறது. நான் நாலு பேருக்குத் தெச்சிருக்கறேன்."

நீ பட்டம் வாங்கிய அன்று குப்புறக் கிடந்தாய். இப்போது மல்லாந்து படுக்கத் துணி கேட்டிருக்கிறாய். அதையும் என்னிடமே கேட்டிருக்கிறாய்.

மஞ்சள் குங்குமம் வைத்தேனே நரசிம்மா. கல்யாணச் சேலையோடு ஒரே பாவில் போட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு நெய்தேனே. முதல் கடிதத்திலேயே உனக்குத் தெரியும். ஐந்து மாதமாக நான் சுகம், நான் சுகம் என்று எழுதி என்னை முட்டாளாக்கிவிட்டாய். அப்பாவுக்கு நீ செய்யாமல் நின்றதைவிட இது பெரிது.

உன் மாமா பயப்படுகிறார். கல்யாணச் சேலையும் அந்தத் துணியும் ஒரே பாவில் வந்தது ஆகாது, பூஜிதாவுக்கு வேறு பாவில் நெய்துவிடலாம் என்றார். அவள் சேலையை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "மாமனுக்கும் எனக்கும் ஒரே பாவுங்கப்பா. இதைத்தான் கட்டுவேன்" என்றாள்.

என்ன வியாதி, எத்தனை நாள், உள்ளதை எழுது. இந்தத் தடவை பொய் எழுதினால் நான் பிரிக்க மாட்டேன்.

அக்கா


ராஞ்சி
1 டிசம்பர் 2024

அக்கா,

இந்த முறை சுகம் என்று தொடங்கவில்லை.

தொண்டையில் புற்று. மே மாதம் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எனக்குக் குரல் இல்லை. டவர் இல்லை என்று எழுதியது அதனால்தான். பூசை வைத்தே ஏழு மாதம் ஆகிறது. பக்கத்தில் நின்று உதட்டை அசைப்பேன், வேறொருவர் சொல்வார். இப்போது ஈரலுக்கும் வந்துவிட்டதாம். டாக்டர் நாள் குறித்துச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ராஞ்சியில் வயதான குருமார்கள் தங்கும் இல்லத்தில் இருக்கிறேன். ஐம்பது வயதில் இங்கே நான்தான் இளையவன். நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

முதலில் உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒன்பது வருடம் கழித்து எழுதும் முதல் கடிதத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினால் நீ இரக்கப்பட்டு மன்னித்துவிடுவாய். எனக்கு அந்த மன்னிப்பு வேண்டாம் என்றிருந்தது. நீ திட்ட வேண்டும், கேலி செய்ய வேண்டும், பிறகு ஆறினால் ஆறட்டும் என்று நினைத்தேன். உன் கையால் நெய்த துணி கடைசியில் என் மேல் இருந்தால் போதும், நீ மன்னிக்காவிட்டாலும் என்று நினைத்தேன். அடுத்த கடிதத்தில் கல்யாணச் சேதி வந்துவிட்டது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வேன்?

நான் பயந்து சாகவில்லை அக்கா. ஒருநாள் எல்லோரும் எழுந்து நிற்போம் என்பதுதான் நான் இருபத்தைந்து வருடமாக மற்றவர்களுக்குச் சொன்னது. இப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் நம்புகிறேன், சில நாள் கஷ்டமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எது நடந்தாலும் தை இருபது தள்ளிப்போகக் கூடாது. மாமன் சாவு கல்யாணத்தை நிறுத்தியது என்று பூஜிதா காலமெல்லாம் நினைக்கக் கூடாது.

என்னை மன்னித்துக்கொள்.

நரசிம்மலு


சிறுமுகை
9 டிசம்பர் 2024

தம்பி,

நானும் உன் மாமாவும் பூஜிதாவும் தன்பாத் எக்ஸ்பிரஸில் வருகிறோம். பதினாறாம் தேதி அங்கே இருப்போம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய மூங்கில் கூடையும் வருகிறது. ரயிலில் இடம் அடைக்கும் என்றார் உன் மாமா. அடைக்கட்டும். உடுப்பையும் கொண்டு வருகிறேன்.

நீ பேச வேண்டாம். எனக்கு ஒன்பது வருடத்துப் பேச்சு பாக்கி இருக்கிறது. நான் பேசுகிறேன், நீ கேட்டால் போதும்.

அக்கா


ராஞ்சி
30 டிசம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்த கடிதம் வந்தது. முட்டி வீக்கம் வடிந்ததா? இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்தது எனக்காகத்தானே.

நீங்கள் போன பிறகு இல்லம் அமைதியாகிவிட்டது. உன் குரலைக் கேட்டுப் பழகிய கிழவர்கள் எல்லாம் உன் அக்கா எப்போது வருவார் என்று கேட்கிறார்கள். நீ பேசியது ஒரு வார்த்தை அவர்களுக்குப் புரிந்திருக்காது.

பூஜிதா கூடையில் உட்கார்ந்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மாமா ஒரு பக்கம், சமையல்காரர் ஒரு பக்கம் தூக்க, நான் விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்தேன். என் அறையிலிருந்து வராந்தா வரை பத்தடி இருக்குமா? நான் தூக்கியதாகப் பெயர். அவள் குனிந்து என் காதில், "கல்யாணத்தன்னிக்கு நடந்தே போயிக்கறேன் மாமா. என்னைத் தூக்கியாச்சு" என்றாள்.

நீ கிளம்பும்போது என் தலையைப் பிடித்துக்கொண்டு, "வாசப்படி உன்னுதுடா. எப்பவும் உன்னுதுதான்" என்றாய். அது போதும் எனக்கு.

உடுப்பு எனக்குச் சரியாக இருந்தது. கழுத்து சரியில்லை என்று நீதான் திரும்ப எடுத்துப் போய்விட்டாய். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சீக்கிரம் அனுப்பு.

இல்லத்தில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன், உன்னிடம் மறைக்கவில்லை. என்ன ஆனாலும் தை இருபத்தொன்று வரை உனக்குச் சேதி வராது. அதற்கு முன் என் கடிதம் நின்றுபோனால் காரணம் தேடாதே. கல்யாணத்தைப் பார்.

நரசிம்மலு


சிறுமுகை
18 ஜனவரி 2025

தம்பி நரசிம்மலுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். முட்டி வீக்கம் வடிந்துவிட்டது. பொங்கல் ஆயிற்று. பத்திரிகை வைத்து முடித்தாயிற்று. அதில் தாய்மாமன் என்று உன் பெயரைப் போட்டிருக்கிறோம். இரண்டு பெயரையும் போட்டிருக்கிறோம்.

உடுப்பை இன்று மேட்டுப்பாளையத்தில் கூரியரில் போட்டேன். கழுத்து சரியில்லை என்று நான் சொன்னது பொய். நீ மட்டும்தான் பொய் சொல்வாயா? கழுத்து நன்றாகத்தான் இருந்தது. எனக்கு உறுத்தியது முதுகு.

பூஜிதா சேலைக்குப் பிறகு பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டிசைன் அட்டையைத் திருப்பிக் கோத்து, பின்பக்கத்தை மட்டும் புதிதாக நெய்தேன். தம்பிதுரை பழையதைப் பிரித்து எடுத்துவிட்டு இதை வைத்துத் தைத்துக் கொடுத்தார். இப்போது சிலுவை நேராக நிற்கிறது, சோளக்கதிரும் நிமிர்ந்திருக்கிறது. எதுக்குங்கம்மா இத்தனை பாடு, யாரும் பாக்கப் போறதில்லைங்களே என்று அவரும் கேட்டார்.

ஒருநாள் எல்லோரும் எழுந்து நிற்போம் என்று எழுதியிருந்தாய். எனக்கு அதெல்லாம் தெரியாது. சில நாள் நம்புகிறாய், சில நாள் கஷ்டமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். நீ நம்பாத நாட்களுக்கும் சேர்த்து நான் நெய்து வைக்கிறேன். எழுந்தால் நிற்க வேண்டும், நடக்க வேண்டும். அப்போது பின்னால் வருகிறவர்கள் எல்லோருக்கும் உன் முதுகு தெரியும். அப்பா அன்றைக்கும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். கதிர் தலைகீழாகத் தொங்கினால் என்ன நினைப்பார்? மகள் இதைக்கூடச் சரியாக நெய்யவில்லை என்றுதானே. அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம்.

பழைய பின்பக்கத்தைத் தூக்கிப் போடவில்லை. பூஜிதா கேட்டாள். தன் கூடையில் அடியில் விரித்துக்கொள்கிறாளாம். கூடையை யாரும் தூக்க வேண்டாம், மேடைக்குப் பக்கத்தில் மாமன் இடத்தில் வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். அப்படியே செய்யப்போகிறோம்.

நீ செய்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்கிறேன். உன் கடைசிக் கடிதம் கைக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, பிறகு ஒன்றும் இல்லை. நான் காரணம் தேடவில்லை. போஸ்ட்மேன் மணி அடித்தால் உன் மாமாவைத்தான் அனுப்புகிறேன். என்ன வந்தது என்று கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. பூஜிதா முன்னால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு பலகாரக் கணக்குப் பேசுகிறோம்.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. வாசப்படிக்கு மஞ்சள் பூசியது நான்தான். வேறு யாரையும் தொட விடவில்லை.

எப்போதும் முதலில் எழுதுகிற ஒன்றை இந்தக் கடிதத்தில் எழுதாமல் விட்டிருக்கிறேன். நீ சுகமா என்று கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் எழுத வேண்டியிருக்கும்.

உன் அக்கா
பங்காரம்மா